மலேசியாவில் குடியிருக்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கோ, படிப்புக்கோ, கல்யாணமாகியோ மலேசியா வரப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பலர் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் என்று நாலு நாள் சுற்றிப் பார்த்தவர்கள். மற்றவர்கள் அப்படிச் சுற்றிவிட்டு வந்த சித்தப்பா சொன்னதைக் கேட்டவர்கள். கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் தீபகற்பத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல முடியும். கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோவில் இருக்கும் சபாவும் சரவாக்கும் வேறு கதை, அதையும் தொட்டுக்கொள்கிறேன்.

வருஷம் பூரா வெயில் கொளுத்துமாமே, எப்படித் தாங்குவது?

வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தைக் கடந்தவர்கள் இதைக் கேட்பதுதான் வேடிக்கை. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில். அக்னி நட்சத்திரத்தில் உங்களுக்கு அது சாதாரணம். இங்கே பகலில் 32, 33. இரவில் 24, 25. ஜனவரியிலும் அதுதான், ஜூலையிலும் அதுதான்.

படுத்துவது காற்றில் இருக்கும் ஈரம். வியர்த்தால் உலராது. உடம்பு ஒரு மாதத்தில் பழகிவிடும், சாமான்கள்தான் பழகாது. தோல் பெல்ட்டை அலமாரியில் மாட்டிவிட்டுச் சில வாரம் தொடாமல் இருந்து பாருங்கள், சாம்பல் தூவியதுபோலப் பூஞ்சை படர்ந்திருக்கும். பட்டுப் புடவை மடிப்பில் பழுப்புப் புள்ளி விழும். ஈரம் உறிஞ்சும் டப்பா என்று எல்லா மளிகைக் கடையிலும் விற்கிறார்கள். மேலே வெள்ளை உருண்டைகள் இருக்கும். அவை கரையக் கரைய அடியில் தண்ணீர் சேரும். அலமாரிக்கு ஒன்று வையுங்கள். மூடிய அலமாரிக்குள்ளிருந்து அரை டப்பா தண்ணீரை எடுத்துக் கொட்டும்போது இந்த ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று விளங்கும். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மழைக்காலம் எப்போது?

நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிளந்தான், திரங்கானு, பகாங் இருக்கும் கிழக்குக் கரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கடல் கொந்தளிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். டிசம்பர் விடுமுறைக்கு அங்கே அறை தேடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். கோலாலம்பூர் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு ஊற்றும். ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றுவிடும்.

வெள்ளம் கிழக்குக் கரையின் பிரச்சினை மட்டும்தான் என்று இங்கே பிறந்தவர்களே நினைத்திருந்தோம். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியபோதும் அப்படித்தான் பேசினோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகளில் கூரைவரை தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. வீடு பார்க்கும்போது 2021-இல் இந்தத் தெருவில் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள்.

காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்குமாமே?

ஆமாம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தையும் சபா, சரவாக்கின் நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மாலை ஏழு தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஏழரைக்குப் பள்ளி தொடங்கும் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்புவது இருட்டில்தான்.

புகைமூட்டம் என்கிறார்களே, தொழிற்சாலைப் புகையா?

பெரும்பாலும் இல்லை. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் நிலங்களும் தோட்டங்களும் எரியும்போது காற்று புகையை இங்கே தள்ளுகிறது. 1997, 2015, 2019 மோசமான ஆண்டுகள். எல்லா வருஷமும் வராது. வரும்போது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200-ஐத் தாண்டிப் பள்ளிகளை மூடும் நிலை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

காடு, பாம்பு, புலி?

நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடுதான். ஆனால் காட்டில் புலி 150-க்கும் குறைவு. நீங்கள் தேடினாலும் கிடைக்காது. சாக்கடையில் உடும்பு போகும், சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் குரங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் பயப்பட வேண்டியது பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீருக்கு. டிங்கிக் கொசு அதில்தான் முட்டையிடுகிறது. சுகாதார அதிகாரிகள் வந்து கண்டுபிடித்தால் அபராதமும் உண்டு.

சிங்கப்பூர் மாதிரிதானே?

1963 முதல் 1965 வரை ஒரே நாடு. அதன் பிறகு இல்லை. பணம் வேறு, சட்டம் வேறு, சம்பளம் வேறு. சூயிங்கம் தடை அங்கே. இங்கே தாராளமாக மெல்லலாம்.

மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழிதானே? தமிழ் தெரிந்தால் சமாளித்துவிடலாமா?

ஆட்சிமொழியாக இருப்பது சிங்கப்பூரில். இங்கே தேசிய மொழி மலாய் மட்டும். அரசமைப்பின் 152-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை. அதே சமயம் அரசாங்கப் பாடத்திட்டத்தின்படி தமிழிலேயே நடக்கும் தொடக்கப் பள்ளிகள் 500-க்கு மேல் இருக்கின்றன. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கு வைத்து 2016-இல் இருநூறு ஆண்டு கொண்டாடினோம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே தமிழ் ஒரு பாடம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா, பினாங்குப் பாசார் தெரு, பத்துமலை அடிவாரம், இங்கெல்லாம் தமிழே போதும். வங்கியில் ஆங்கிலம் போதும். வீட்டுக்கு வரும் குழாய்க்காரர், போலீஸ் நிலையம், நகராண்மைக் கழகக் கடிதம், பள்ளிச் சுற்றறிக்கை என்று வரும்போது மலாய் வேண்டும். கஷ்டமான மொழியும் இல்லை. ரோமன் எழுத்து, வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. ஆறு மாதத்தில் சந்தையில் பேரம் பேசலாம். அதைக் கற்காமல் பத்து வருஷம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு யாராவது ஒருவர் கூடவே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கே இருக்கிற தமிழர்களுக்கெல்லாம் சொந்த ஊர் எது?

சுங்கை சிப்புட். தெலுக் இந்தான். பந்திங். பாகான் செராய். இப்படித்தான் பதில் வரும், வந்த பிறகு "இல்லை, இந்தியாவில் எந்த ஊர்?" என்று நீங்கள் திரும்பக் கேட்பீர்கள், எதிரே இருப்பவர் முகம் சுருங்கும். தாத்தாவுக்குத் தாத்தா சேலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறி வந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருப்பார். ஊர்ப் பெயர் சிலருக்கு ஞாபகம் இருக்கும், பலருக்கு இருக்காது. தாய்நாடு எது என்ற குழப்பம் கேட்பவருக்குத்தான். பதில் சொல்பவருக்கு இல்லை.

தோட்டக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள் என்பதும் பாதி உண்மை. ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். வட்டித் தொழிலுக்குச் செட்டியார்கள், வியாபாரத்துக்குத் தமிழ் முஸ்லிம்கள். தெலுங்கர், மலையாளி, சீக்கியர் எல்லாரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் வருவார்கள். மொத்தமாகச் சுமார் 20 லட்சம் பேர், குடிமக்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. பெரும்பான்மை தமிழர். இவர்களுக்கெல்லாம் முன்பே மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் வந்து குடியேறியவர்கள் மலாக்காச் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் மாதாமாதம் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அது காப்பாற்றியது கொஞ்சம்தான். எண்பது, தொண்ணூறுகளில் ரப்பர் போய்ச் செம்பனையும் (பாமாயில் மரம்) வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது லயத்து வீடுகளை விட்டு லட்சக்கணக்கானோர் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டு சினிமாவில் வரும் கோட்டு சூட்டு மலேசியத் தமிழர் அப்புறம்தான் வருகிறார், அதுவும் எண்ணிக்கையில் குறைவாக.

முஸ்லிம் நாடாச்சே, அந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

இஸ்லாம் கூட்டரசின் சமயம். மற்றச் சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்று அரசமைப்பின் மூன்றாவது பிரிவே சேர்த்துச் சொல்கிறது. ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் மணவிலக்கும் 1976-ஆம் ஆண்டின் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில். நோன்பு மாதத்தில் நீங்கள் பகலில் சாப்பிடலாம். மது விற்கிறார்கள், வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பேரங்காடியில் பன்றி இறைச்சி தனி மூலையில், தனிக் கல்லாவில் கிடைக்கும். சேலைக்கோ சுடிதாருக்கோ தடையில்லை. அரசாங்க அலுவலகத்துக்கு அரைக்கால் சட்டையில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆணாக இருந்தாலும்.

கோடு எங்கே கடுமையாகிறது என்றால் கல்யாணத்தில். இங்கே முஸ்லிமை மணக்க வேண்டுமானால் மதம் மாறித்தான் ஆக வேண்டும், மாறிய பிறகு வெளியே வருவது மிக மிகச் சிரமம், பிறக்கும் பிள்ளைகளும் முஸ்லிம்களே. காதலுக்கு யாரும் தடை சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று வக்கீலிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்களாமே, உண்மையா?

உண்மை. ஆனால் அந்த மேசையை யார் எப்படிப் போட்டார்கள் என்பது சுற்றுலா விளம்பரத்தில் தெரியாது.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு ஒன்றைச் சொல்கிறேன். வாசலில் கூடாரம். ஒரு நீள மேசையில் முஸ்லிம் சமையல்காரரிடம் எடுத்த பிரியாணி, கோழி, குளிர்பானம். தட்டும் கரண்டியும் அவருடையவை, இல்லாவிட்டால் காகிதத் தட்டு. வீட்டு அடுப்பில் செய்த ஆட்டுக்கறிப் பிரட்டலும் இட்லியும் உள்ளே சாப்பாட்டு மேசையில். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா முறுக்கையும் நெய்யுருண்டையையும் கை நிறைய எடுப்பார், உள்ளே கறிப் பக்கம் வரமாட்டார். சீன நண்பரில் ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், குவான் யின் தெய்வத்தைக் கும்பிடுகிறவர். யாரும் யாரையும் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துவதில்லை. பிள்ளைகளுக்குக் காசு உறை: தீபாவளிக்குப் பெரும்பாலும் ஊதா, சீனப் பெருநாளுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை. மூன்றையும் வாங்குகிற பிள்ளைக்கு வருஷம் நல்ல வருஷம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அன்பு காட்டுகிறேன் என்று வீட்டில் சமைத்ததைக் கிண்ணத்தில் போட்டு மலாய்க்கார சக ஊழியர் மேசையில் வைத்துவிடுவார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், சாப்பிடமாட்டார். அரசாங்க இஸ்லாமியத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் பெட்டியோ பழக்கூடையோ கொடுத்தால் இருவருக்கும் சங்கடமில்லை. பன்றி இறைச்சி சாப்பிட்ட பாத்திரத்தை அலுவலகப் பொதுத் தொட்டியில் கழுவாதீர்கள்.

சைவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கீரைதானே என்று கங்கோங் பொரியல் வாங்கினால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி. வெறும் 'காய்கறி' என்று சொல்லிக் கேட்டால் மீனும் முட்டையும் வரலாம். சீனர்களின் சைவக் கடைகள் நம்பகமானவை. வெங்காயம் பூண்டுகூடப் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள்.

இன வேற்றுமையே இல்லையா? அல்லது தினமும் சண்டையா?

இரண்டும் இல்லை. 1969 மே 13 கலவரம் நடந்த நாடு இது. அதற்குப் பிறகு 1971-இல் வந்த, மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும் முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கையின் நிழல் பல்கலைக்கழக இடம், வீட்டு விலைக் கழிவு, அரசாங்கக் குத்தகை என்று இன்றும் நீள்கிறது. மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் சிறப்பு நிலை அரசமைப்பின் 153-ஆவது பிரிவில் இருக்கிறது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதியில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராப்பின் பேரணியில் தமிழர்கள் திரண்டது சும்மா இல்லை.

நீங்கள் முதலில் இதைச் சந்திக்கும் இடம் அரசியல் மேடையாக இருக்காது, வாடகை விளம்பரமாக இருக்கும். 'சீனப் பெண்கள் மட்டும்', 'மலாய்க்காரர் மட்டும்' என்று வெளிப்படையாகவே போடுவார்கள். போடாதவர்களில் சிலர் போனில் உங்கள் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். எனக்கு இதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை, அசிங்கமான பழக்கம். நேரத்தை மிச்சப்படுத்த, முதல் செய்தியிலேயே எந்த நாட்டவர், எத்தனை பேர், என்ன வேலை என்று எழுதிவிடுங்கள். கிடைத்தால் இரண்டு மாத முன்பணம், அரை மாதத் தண்ணீர் மின்சார வைப்பு, ஒரு மாத வாடகை என்று கையில் மூன்றரை மாதப் பணம் வேண்டும்.

அதே தெருவில் உங்கள் கார் பழுதானால் முதலில் நிறுத்தி இறங்குகிறவர் எந்த இனமாகவும் இருப்பார். இரண்டும் ஒரே நாட்டில்தான் நடக்கின்றன.

மலாய், சீனர், இந்தியர், மூன்று இனம்தானே?

தீபகற்பத்தில்கூடப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களை விட்டுவிட்டீர்கள். சரவாக்கில் இபான், பிடாயு. சபாவில் கடசான் டூசுன், பஜாவ். 2020 கணக்கெடுப்பில் சரவாக் மக்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். நாடு முழுதும் தீபாவளிக்கு விடுமுறை, சரவாக்கில் இல்லை. அவர்களுக்கு ஜூன் 1, 2 கவாய் அறுவடைத் திருநாள். குடிநுழைவுச் சோதனையும் தனி. கோலாலம்பூரில் வேலை அனுமதி இருந்தால் சரவாக்கின் கூச்சிங்கில் வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

வார விடுமுறை எது?

கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளி, சனி. மற்ற இடங்களில் சனி, ஞாயிறு. ஜொகூர் 2014-இல் வெள்ளிக்கு மாறி 2025-இல் மறுபடி ஞாயிறுக்கு வந்துவிட்டது. தைப்பூச விடுமுறையும் எல்லா மாநிலத்திலும் கிடையாது.

விசா வேண்டாமாமே, வந்து இறங்கிய பிறகு வேலை தேடிக்கொள்ளலாமா?

கூடாது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்பது சுற்றிப் பார்க்க. அதில் ஒருநாள் பரிமாறும் வேலை செய்தாலும் குற்றம். "முதலில் வா, அப்புறம் பெர்மிட் போட்டுக்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டு உங்களிடம் வாங்கும் பணத்தோடு அவர் வேலை முடிந்தது; சோதனையில் பிடிபட்டு முகாமில் உட்காருவது நீங்கள். முறைப்படி முதலாளிதான் முதலில் அனுமதி வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த அனுமதி அந்த முதலாளிக்கு மட்டும். உங்கள் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) அவர் பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம். பலர் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் கையில் ஒரு நகலும் போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

சம்பளம் பேசும்போது இரண்டு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வரியில் நீங்கள் வெளியாள், தட்டையாக 30 சதவீதம் பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் வந்து சேருகிறவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவது இதனால்தான்.

பிள்ளை அங்கே பிறந்தால் குடியுரிமை கிடைக்குமா?

பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் கிடைக்காது. இரட்டைக் குடியுரிமை மலேசியாவும் தருவதில்லை, இந்தியாவும் தருவதில்லை. மலேசியரை மணந்தாலும் நீண்டகால வருகை அனுமதிதான் முதலில். நிரந்தரவாசத் தகுதிக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம்.

செலவு குறைவுதானே?

சாப்பாடு குறைவு. மற்றதை உள்ளூர்க்காரர் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு வெள்ளி. உங்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். பெட்ரோல் ரோன்95 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி, உங்களுக்குச் சந்தை விலை. அரசுப் பள்ளியில் இடம் சுலபமாகக் கிடைக்காது, அனைத்துலகப் பள்ளிக் கட்டணம் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். அதைச் சம்பளப் பேச்சிலேயே கேளுங்கள்.

வரும்போது தெரிந்தவர்கள் கொடுக்கும் பார்சலை எடுத்து வரலாமா?

வேண்டாம். 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ கையில் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கட்டாய மரண தண்டனையை 2023-இல் நீக்கினார்கள். மரண தண்டனையை நீக்கவில்லை. அதற்குப் பதிலாக நீதிபதி கொடுக்கக்கூடியது ஆயுள் சிறையும் பிரம்படியும். உறவுக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஊறுகாய், அப்பளம், மசாலா எல்லாம் கிள்ளானிலேயே கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள்.